சுற்றளவு சரி, ஆனாலும் ஜாக்கெட் பிடிக்கிறது: அடிப்படை பேட்டர்ன் எடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

இவர் காட்பாடியில் குடியிருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியை. வயது 48. வீட்டில் மோட்டார் வைத்த தையல் மெஷின் இருக்கிறது. தலையணை உறை, உள்பாவாடை, தங்கை மகளுக்குப் பாவாடை சட்டை என்று எல்லாம் தானே தைத்துவிடுவார். தன்னுடைய ஜாக்கெட்டை மட்டும் தொடமாட்டார். சத்துவாச்சாரியில் நான் நடத்தும் தையல் வகுப்புக்கு அந்த ஒரு காரியத்துக்காகவே வந்தார். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன். ஊருக்கே டீச்சர் அவர்தான் என்றாலும் வகுப்பில் என்னைத்தான் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார்.

அவர் சொன்ன குறைகள் இவை. கரும்பலகையில் எழுதக் கை தூக்கினால் ஜாக்கெட் மொத்தமும் மேலே ஏறிவிடும், கீழ்ப்பட்டி மார்பின் மேல் வந்து உட்காரும். காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றாலும் இதே கதிதான், இறங்கியதும் முதல் வேலை ஜாக்கெட்டை இழுத்துவிடுவது. தோள் வழுக்கும், அதிலும் வலது தோள் அதிகம். முன்கழுத்து தொண்டையை நோக்கி ஏறும், பின்கழுத்து கீழே இறங்கும். வேலூர் வெயிலில் மதியத்துக்குள் வியர்த்துத் துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்போது அக்குள் தையல் விட்டுப்போவதும் உண்டு.

தையல்கடைகளை அவர் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு கடையிலும் பக்கத்தில் அரை அங்குலம் பிரித்து விட்டுத் தந்திருக்கிறார்கள். அப்படிப் பிரித்தபின் முதுகுப் பக்கம் தொளதொளத்ததே தவிர முன்பக்கம் பிடிப்பது நிற்கவில்லை. உண்மையில் அந்த ஒரு தகவலிலேயே பாதி விடை இருந்தது.

அளவு ஜாக்கெட் என்ன சொன்னது

நம் ஊரில் டேப் வைத்து உடம்பை அளப்பதைவிட அளவு ஜாக்கெட் கொடுப்பதுதான் வழக்கம். கொடுப்பவருக்குக் கூச்சம் இல்லை, வாங்குபவருக்கு நேரம் மிச்சம். ஆனால் அளவு ஜாக்கெட்டில் இருக்கும் கோளாறு அடுத்த ஜாக்கெட்டுக்கும் அப்படியே போய்விடும். இவர் கொண்டுவந்தது, இருப்பதற்குள் நன்றாகப் பொருந்துகிறது என்று அவரே தேர்ந்தெடுத்தது. மேஜையில் விரித்து அளந்தேன். மார்புக்கோட்டில் முன்பக்கம் 20 அங்குலம், பின்பக்கம் 20 அங்குலம், ஆக மொத்தம் 40. அவருடைய மார்புச்சுற்று 39. ஒரு அங்குலம் தளர்வு இருக்கிறது. கணக்குப்படி இது பிடிக்கவே கூடாது.

அப்புறம் உடம்பை முன்பக்கம் தனியாக, பின்பக்கம் தனியாக அளந்தோம். அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழே ஒரு கோடு போவதாக வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டில் இரண்டு பக்கமும் சின்னதாக டேப் ஒட்டி, முன்பக்கம் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை ஒரு அளவு, முதுகில் ஒரு அளவு. முன்பக்கம் 21½, பின்பக்கம் 17½.

இந்த ஆய்வின் மையமே இந்த இரண்டு எண்கள்தான். ஜாக்கெட் முன்னால் ஒன்றரை அங்குலம் போதாமல் இருக்கிறது, பின்னால் இரண்டரை அங்குலம் மிஞ்சிக் கிடக்கிறது. சுற்றளவு மட்டும் பார்க்கிற டேப்புக்கு இது தெரியவே தெரியாது. பக்கத்தில் பிரித்து விட்டால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் கூடும். முன்பக்கத்தின் பசி தீருவதற்குள் முதுகு கோணியாகிவிடும்.

“இன்னா டீச்சர், இன்னும் கொஞ்சம் பக்கத்துல பிரிச்சு விட்டா போதாதா?” என்றார்.

“சுத்து ஏற்கெனவே சரியாத்தான் இருக்குக்கா. துணி உட்கார்ந்திருக்கிற இடம்தான் சரியில்லை.”

அளவு எடுத்த விதம்

அதனால் அளவு ஜாக்கெட்டை விட்டுவிட்டு, இவர் உடம்புக்கென்றே ஓர் அடிப்படை பேட்டர்ன் (வைத்து வெட்டுவதற்கான காகித அச்சு) வரைவது என்று முடிவு செய்தோம். ஜாக்கெட்டுக்கு உள்ளே எதைப் போடுவாரோ அதைப் போட்டுக்கொண்டுதான் அளவு. பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும், அதனால் புது டேப். மார்புக்குக் கீழே ஒரு எலாஸ்டிக்கைக் கட்டிவிட்டால் நீள அளவுகளுக்கு எல்லாம் ஒரே முடிவிடம் கிடைக்கும். தனக்குத் தானே அளவெடுக்க முடியாது, கை தூக்கினாலே எல்லாம் மாறிவிடும். வீட்டில் யாராவது ஒருவரை நிற்கவைத்து எடுக்கச்சொல்லுங்கள்.

எடுத்தவை, அங்குலத்தில்: மேல்மார்பு (அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே) 35. மார்பு 39. மார்புக்குக் கீழ் 33. முழு ஷோல்டர் 14. கழுத்தோரத் தோளிலிருந்து டாட் பாயிண்ட் (மார்பின் உச்சி; டாட் என்னும் தையல் மடிப்புகள் நோக்கிப் போகும் புள்ளி) 10½. இரண்டு பாயிண்டுக்கும் இடைவெளி 7½. கழுத்தோரத் தோளிலிருந்து மார்பின் மேலாக எலாஸ்டிக் வரை முன்நீளம் 15½, அதே தோளிலிருந்து முதுகில் 14. மேல்கைச் சுற்று 12½.

முன்நீளத்துக்கும் பின்நீளத்துக்கும் ஒன்றரை அங்குல வித்தியாசம். அளவு ஜாக்கெட்டில் இரண்டும் 14. கீழ்ப்பட்டி ஏன் மேலே ஏறி உட்காருகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

39-ஐ விட்டுவிட்டு 35-ஐப் பிடித்தது

பல வகுப்புகளில் சொல்லித்தருவது, மார்புச்சுற்றை எடுத்து அதிலிருந்தே எல்லாவற்றையும் வகுப்பது. கழுத்து அகலத்துக்கு மார்பின் 12-இல் ஒரு பங்கு என்பது பழகிய கணக்கு. சராசரி உடம்புக்கு இது ஓடும். இவருக்கு 39-ஐ 12-ஆல் வகுத்தால் 3¼ வரும், மேல்மார்பு 35-ஐ வகுத்தால் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வித்தியாசம், இரண்டு பக்கமும் சேர்த்தால் ஆறு நூலுக்குக் கொஞ்சம் கம்மி. தோள் வழுக்குவதற்கு அது போதும். மார்பு பெரிதாக இருப்பவருக்குக் கழுத்தெலும்பும் தோளெலும்பும் பெரிதாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் நம் வகுத்தல் கணக்கு அப்படித்தான் நினைத்துக்கொள்கிறது.

அதனால் கழுத்து, தோள், ஆர்ம்ஹோல் (கை வைத்துத் தைக்கும் வளைவு) மூன்றையும் 35-ஐ வைத்து வரைந்தோம். மார்புக்கோட்டுக்கு மட்டும் 37. கடையில் விற்கும் கம்பெனி பேட்டர்ன்கள் பெரும்பாலும் மேல்மார்புக்கும் மார்புக்கும் இரண்டு அங்குல வித்தியாசம் என்று வைத்துக்கொண்டு போட்டவை. நாமும் அங்கேயே தொடங்கினோம். தளர்வுக்கு மொத்தம் ஒன்றரை அங்குலம். 37-உம் ஒன்றரையும் 38½, நாலாக வகுத்தால் கால்பாகத்துக்கு 9⅝. தையலுக்கு விடும் துணியை இதில் சேர்க்கவே இல்லை. அடிப்படை பேட்டர்னில் தையல் கோடு மட்டும்தான் இருக்கவேண்டும், மார்ஜினைத் துணியில் சாக்கால் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, முன்பக்கத்துக்கு மட்டும் இடம் கொடுப்பது. தேவை 39, இருப்பது 37, குறைவது இரண்டு. பேட்டர்ன் பாதி உடம்புக்கு என்பதால் காகிதத்தில் ஒரு அங்குலம். முன்பாகத்தில் டாட் பாயிண்டைக் குறித்தோம் (கழுத்தோரத் தோளிலிருந்து 10½ கீழே, நடுக்கோட்டிலிருந்து 3¾). கீழ் விளிம்பிலிருந்து நேராக அந்தப் புள்ளி வரைக்கும், அங்கிருந்து ஆர்ம்ஹோலின் கீழ்ப்பகுதி வரைக்கும் ஒரே கோடு. அதை வெட்டி, ஆர்ம்ஹோல் ஓரத்தில் மட்டும் ஒரு நூலிழை அளவு காகிதத்தை வெட்டாமல் விட்டோம். பக்கத்திலிருந்து அதே புள்ளிக்கு இன்னொரு வெட்டு. இப்போது அக்குள் பக்கத்துத் துண்டை மெல்லத் தள்ளினால் கீழே நேர்க்கோட்டு இடைவெளியாக ஒரு அங்குலம் திறக்கிறது, பக்க வெட்டு தானாகவே வாய் திறந்து டாட் ஆகிறது. நடுத்துண்டு கீழே குட்டையாகத் தெரியும். அதையும் குறுக்கே வெட்டி இறக்கிச் சமப்படுத்தினால் முன்நீளம் கூடிவிடும். தோளையும் கழுத்தையும் தொடாமல் மார்புக்கு இடம் வந்துவிட்டது.

அக்கா இதைச் செய்யும்போது கொஞ்சம் பயந்தார், நன்றாக வரைந்த காகிதத்தை ஏன் வெட்டுகிறோம் என்று. அவர் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். “லாஸ்ட்டைச் சரிபண்ணிட்டுத்தான் தோலைத் தொடணும், லாஸ்ட் தப்புன்னா எந்தத் தோல் போட்டாலும் கடிக்கும்” என்றாராம். காலைப் பார்த்து ஷூ தைப்பதில்லை, காலுக்காகச் செய்த ‘லாஸ்ட்’ என்ற அச்சின் மேல்தான் தைக்கிறார்கள். அதற்கப்புறம் நான் விளக்கவேண்டிய வேலை குறைந்துவிட்டது.

இடம் கொடுத்ததில் கீழ் டாட் ரொம்பப் பெரிதாகிவிட்டது. பெரிய டாட் ஒன்றை அப்படியே மடித்துத் தைத்தால் முனையில் கூம்பு நிற்கும். நம் ஊர் ஜாக்கெட்டில் மூன்று டாட், நாலு டாட் போடுவது அலங்காரத்துக்கு இல்லை. ஒரே இடத்தில் மடிக்கவேண்டிய துணியைக் கீழே கொஞ்சம், பக்கத்தில் கொஞ்சம், ஊக்குப்பட்டி ஓரத்தில் கொஞ்சம் என்று பிரித்துக்கொடுப்பதற்குத்தான். கீழ் டாட்டிலிருந்து ஒரு பங்கை ஊக்குப்பட்டி ஓரத்துக்கு மாற்றினோம். எல்லா டாட்டும் பாயிண்டைக் குறிவைத்துப் போகவேண்டும், ஆனால் முக்கால் அங்குலம் முன்னாலேயே நின்றுவிடவேண்டும்.

காடா துணியில் ட்ரையல்

லாங் பஜாரில் காடா துணி வாங்கி, கஞ்சி போகத் துவைத்து, காய்ந்தபின் இஸ்திரி போட்டு வெட்டினோம். துவைக்காத காடா பின்னால் சுருங்கி எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும். மார்புக்கோடு, முன்நடு, பின்நடு மூன்றையும் பால்பாயிண்ட் பேனாவால் துணியின் மேலேயே வரைந்துகொண்டோம். தோளிலும் பக்கத்திலும் ஒரு அங்குலம் மார்ஜின். பெரிய தையல், முன்னால் குண்டூசி. கை இல்லாமல் முதலில் பாடி மட்டும்.

துணியில் மடிப்பு விழுந்தால் அதைப் பிடித்து இழுத்து நேராக்கத் தோன்றும். அதைச் செய்யக்கூடாது. மடிப்பு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். குறைகிற இடத்தை அது விரல்நீட்டிக் காட்டும். மேலிருந்து கீழாகப் போவது முக்கியம், ஏனென்றால் எல்லாம் தோளில்தான் தொங்குகிறது. தோளைச் சரிசெய்ததும் கீழே இருந்த இரண்டு மூன்று குறைகள் தானாகப் போய்விடும்.

தோள் தையல் தோள் முனையில் பின்பக்கமாகக் கிடந்தது. அக்காவுக்குத் தோள் முனை கொஞ்சம் முன்னால் வந்த வாகு. முன்கழுத்து தொண்டைக்கு ஏறியதன் காரணமும் இதுதான். தோள் முனையில் முன்பாகத்திலிருந்து மூன்று நூல் குறைத்து, அதே மூன்று நூலைப் பின்பாகத்தில் கூட்டினோம். கழுத்தோரத்தில் மாற்றம் இல்லை, முனைக்குப் போகப்போகத்தான் சாய்வு. பின்னால் கை வைக்கும்போது கையின் நடுக்குறியையும் அதே மூன்று நூல் முன்னால் தள்ளவேண்டும், இல்லையென்றால் கை முறுக்கிக்கொள்ளும்.

அடுத்தது வலது தோள். கழுத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு மடிப்பு, வலது பக்கத்தில் மட்டும். இடது பக்கம் சுத்தமாக இருந்தது. தோள் முனையில் துணியைக் கிள்ளிப் பார்த்தேன். இரண்டு நூல் கிள்ளியபோது மடிப்பு பாதியானது, நாலு நூலில் காணாமல் போனது. ஆக வலது தோள் அரை அங்குலம் இறக்கம். தோளை மட்டும் இறக்கினால் ஆர்ம்ஹோல் சின்னதாகிவிடும் என்பதால் அக்குளையும் அதே அரை அங்குலம் இறக்கினோம். இப்படி ஒரு பக்கம் மாறினால் பாதிப் பேட்டர்னை மடிப்பில் வைத்து வெட்டுவது நடக்காது. பின்பாகம் முழுசாக, முன்பாகம் வலது தனி, இடது தனி. காகிதத்தின் எந்த முகம் மேலே இருக்கவேண்டும் என்று பெரிதாக எழுதிவிடுங்கள். துணியைத் திருப்பிப் போட்டு வெட்டினால் இறங்கிய தோள் இடது பக்கம் போய்விடும்.

மார்பில் பேனாக்கோடு முன்னால் தரைக்குச் சமமாகவே ஓடியது. முன்நீளம் போதும் என்று அர்த்தம். ஆனால் அக்குளின் நடுவிலிருந்து, நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தபோது பக்கத் தையல் அந்த நூலைவிட்டு அரை அங்குலம் முன்னால் போயிருந்தது. கணக்கும் அதையேதான் சொன்னது. நாம் கொடுத்தது முன்னால் 21¼, பின்னால் 19¼. உடம்புக்கு வேண்டியது தளர்வோடு முன்னால் 22¼, பின்னால் 18¼. ஒவ்வொரு பக்கமும் பின்பாகத்தில் அரை அங்குலம் எடுத்து முன்பாகத்தில் சேர்த்தோம். மொத்தச் சுற்று ஒரு நூல்கூட மாறவில்லை. போட்டுப்பார்த்தால் வேறு ஜாக்கெட் மாதிரி இருந்தது.

முன் ஆர்ம்ஹோலில் ஒரு சின்ன வாய்திறப்பு இருந்தது. இரண்டு நூல் மடித்து, அதைப் பக்க டாட்டுக்குள் திருப்பிவிட்டோம். இது சின்ன விஷயம்.

கை தூக்குவது

கை தூக்கமுடியவில்லை என்றால் ஆர்ம்ஹோலைக் குடைந்து பெரிதாக்குவதுதான் எல்லோரும் செய்வது. நடப்பது நேர்மாறு. அக்குள் தையல் எவ்வளவு கீழே இருக்கிறதோ, கை தூக்கும்போது அவ்வளவு பாடியையும் சேர்த்துத் தூக்கும். அளவு ஜாக்கெட்டில் ஒவ்வொரு கடையிலும் குடைந்து குடைந்து ஆர்ம்ஹோல் 18 அங்குலம் ஆகியிருந்தது. நாம் அக்குளை முக்கால் அங்குலம் மேலே ஏற்றினோம். சுற்று 17-க்குக் கீழே வந்தது. அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை, “இறுக்குமே” என்றார்.

கையிலும் ஒரு மாற்றம். பழைய கையின் மேல்வளைவு உயரமாக, அகலம் 13 மட்டும். மேல்கையே 12½ என்னும்போது அரை அங்குலத் தளர்வில் கை எப்படி அசையும்? வளைவின் உயரத்தைக் குறைத்து அகலத்தை 14 ஆக்கினோம். ஆர்ம்ஹோலைவிடக் கையின் வளைவு அரை அங்குலம் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். உயரம் குறைந்த வளைவில், கையைக் கீழே தொங்கவிடும்போது அக்குளோரம் ஒரு சின்ன மடிப்பு தெரியும். அழகாக நிற்கிற கை வேண்டுமா, தூக்குகிற கை வேண்டுமா என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது. தினமும் போர்டில் எழுதுகிறவருக்கு இரண்டாவதுதான் என் தீர்ப்பு.

சோதனை எளிது. வகுப்பறைச் சுவரில் போர்டு உயரத்துக்குக் கை நீட்டி எழுதச்சொன்னேன். கீழ் விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக ஏறி, கையை இறக்கியதும் தானே பழைய இடத்துக்கு வந்தது. அவரே இரண்டு மூன்று முறை தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம்

திருத்தம் எல்லாவற்றையும் காகிதத்தில் ஏற்றி, அங்கிருந்து கெட்டி அட்டைக்கு மாற்றினோம். டாட் முனைகளில் ஓட்டை, ஆர்ம்ஹோலில் முன்னுக்கு ஒரு வெட்டுக்குறி, பின்னுக்கு இரண்டு. அட்டையிலேயே தேதி, அன்றைய உடம்பளவு, ‘தையல் மார்ஜின் இல்லை’ என்று எழுதியாயிற்று. உடம்பு மாறினால் முதலில் அந்த அளவுகளோடு ஒப்பிடவேண்டும்.

டூ பை டூ ரூபியாவில் தைத்த முதல் ஜாக்கெட் பள்ளிக்குப் போய்வந்தது, இழுத்துவிடும் வேலை இல்லை. பட்டில் மட்டும் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருந்தது. ஆரணி 1989-இல் வட ஆற்காடு பிரிந்தபோது திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், இவர் வீட்டில் விசேஷத்துக்குப் பட்டு இன்றும் அங்கேதான். பட்டில் தையல் இறுக்கமாக இருந்தால் இழை விலகும். லைனிங் கொடுத்து, சுற்றில் அரை அங்குலம் கூட்டினோம். சேலையோடு வரும் ஜாக்கெட் பிட்டில் முன்பாகம் இப்போது அதிகத் துணி கேட்கிறது. 80 சென்டிமீட்டர் பிட் என்றால் முதலில் முன்பாகங்களை வைத்துவிட்டு, மிச்சத்தில் கையை அமைக்கவேண்டும், பட்டிக்கு ஒட்டுப்போட நேரலாம்.

இடையில் ஒரு கல்யாண நெருக்கடியில், நன்றாகப் பொருந்தும் புது ஜாக்கெட்டையே அளவு ஜாக்கெட்டாக ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். வந்தது பழையபடி முன்னும் பின்னும் சமம். மேஜையில் விரித்து, பக்கத்துக்குப் பக்கம் அளந்து இரண்டாக வகுக்கிற கைக்கு அது தெரியாது, அவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. இப்போது அவசரம் என்றால் துணியை அட்டை வைத்துத் தானே வெட்டி, தைப்பதற்கு மட்டும் கொடுக்கிறார்.

இதே அட்டையை இடுப்புக்குக் கீழே நீட்டிச் சுடிதார் டாப்ஸ் ஒன்று காடாவில் போட்டுப்பார்த்திருக்கிறோம். தோளும் மார்பும் அப்படியே பொருந்தின. முதுகின் கீழ்ப்பக்கம், இடுப்புக்கு மேலே குறுக்கே ஒரு மடிப்பு தங்குகிறது. இடுப்பெலும்புக்கு மேலே உள்வளைவு அதிகம். பின்நடுவில் ஐந்து நூல் குறுக்காக மடித்து, பக்கத் தையலுக்கு வரும்போது பூஜ்யமாக முடித்துக் குண்டூசி குத்தியதில் மடிப்பு போய்விட்டது. அதை அட்டையில் ஏற்றும்போது பின்நடுக்கோடு வளையும், அதனால் பின்பாகத்தை மடிப்பில் வெட்டாமல் நடுவில் தையலோடு இரண்டு துண்டாகப் போடப்போகிறோம்.